மழைக்காலத்தில் கினிப் பன்றிக் கூண்டுக்கு எந்தப் படுக்கை ஏற்றது?

வேளச்சேரி மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பொரி, கடலை என்று இரண்டு ஆண் கினிப் பன்றிகள் இருக்கின்றன. மகளின் பிடிவாதத்தால் ஆடி மாதத்தில் வாங்கி வந்தவை. நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள கூண்டில், கூடத்தின் ஓரமாக, ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்திருக்கிறோம். விற்றவர் மரச்சீவல் போட்டாலே போதும் என்று சொன்னதால், தெருமுனையில் இருக்கும் மரச்சாமான் பட்டறையிலிருந்து வாரம் ஒரு சாக்கு சீவல் வாங்கிப் பரப்பி வந்தேன். பட்டறைக்காரர் காசுகூட வாங்கிக்கொள்வதில்லை.

வெயில் அடித்த வரையில் தொல்லை ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, சீவலை மாற்றிய இரண்டாம் நாளே மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது. பொரி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை தும்முகிறது. கடலையின் பின்னங்கால் பாதங்கள் சிவந்திருப்பதை நேற்றுத்தான் கவனித்தேன். இடையில் ஒரு முறை உமியும் போட்டுப் பார்த்தேன். வீடு முழுக்கப் பறந்ததுதான் மிச்சம்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் படுக்கைகளாகவே வருகின்றன. அவற்றில் பாதி இங்கே கிடைப்பதில்லை. கிடைப்பவையோ மாதாமாதம் வாங்கிக் கட்டுப்படியாகாத விலையில் இருக்கின்றன. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஏற்ற படுக்கை எது, அதை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். துணி விரிப்பு போடலாம் என்றால், அதைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட என் மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்னாள் ஆய்வக உதவியாளர் எழுதியது:

அம்மா, மருத்துவக் கல்லூரி ஒன்றின் விலங்குக் காப்பகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கினிப் பன்றிகளின் கூண்டைக் கழுவியே என் இளமை கழிந்தது என்று சொல்லலாம். அந்த உரிமையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: அந்தப் பட்டறைச் சீவலை இன்றைக்கே வெளியே கொட்டிவிடுங்கள். வேறு ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், இன்றிரவுக்குச் செய்தித்தாளை ஐந்தாறு மடிப்பாக விரித்து, அதன்மேல் பழைய பருத்தித் துண்டு ஒன்றைப் போட்டாலும் போதும்.

பட்டறையில் ஒரே மரத்தையா இழைக்கிறார்கள்? தேக்கு, வேம்பு, பிளைவுட், எம்.டி.எஃப். பலகை எல்லாம் ஒரே தரையில்தான் விழுகின்றன. பிளைவுட்டையும் எம்.டி.எஃப். பலகையையும் ஒட்டும் பசைகள் பலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயு கசிகிறது. கரையானுக்காக மருந்து அடித்த மரமும் அதில் கலந்திருக்கும். இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்து எடுக்கும் பைன் மரமும் இப்போது எல்லாப் பட்டறைகளிலும் புழங்குகிறது. அந்தப் பலகையில் ‘எம்.பி.’ என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டியது என்றும், ‘எச்.டி.’ என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது என்றும் பொருள். சாக்கில் வந்து சேரும் சீவலில் எந்த முத்திரையைத் தேடுவீர்கள்?

மரம் சுத்தமானதாகவே இருந்தாலும், வாசனை வீசும் ஊசியிலை மரங்களின் சீவலை ஆய்வகங்கள் தவிர்ப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1967-இல் எலியட் வெசல் என்ற அமெரிக்க மருந்தியலாளர், செஞ்சிடார் போன்ற மரச்சீவலின்மேல் வளர்ந்த சுண்டெலிகளுக்கு ஹெக்ஸோபார்பிட்டால் என்னும் தூக்க மருந்தைக் கொடுத்தபோது, அவை வழக்கத்தைவிடக் குறைந்த நேரமே உறங்குவதைக் கண்டார். மருந்தில் குறையில்லை, படுக்கையிலிருந்து எழுந்த ஆவி அவற்றின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டதால், மருந்து விரைவாகச் சிதைந்துபோயிருந்தது. நமக்கு நறுமணமாகத் தோன்றுவதை விலங்கின் கல்லீரல் ஒரு வேலையாக எடுத்துச் செய்துகொண்டிருக்கிறது என்பதை நான் முதன்முதலில் புரிந்துகொண்டது அந்தக் கதையைக் கேட்டுத்தான். சூளையில் உலர்த்திய பைன் சீவலில் இந்த ஆவிகள் பெருமளவு குறைந்துவிடும். ஆஸ்பென் என்னும் மரத்தில் தொடக்கத்திலிருந்தே குறைவு. இவற்றைப் பையில் அடைத்து விற்கிறார்கள். வாங்குவதானால் தூள் சலித்து நீக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். நுண்தூள் மூக்குக்கு மட்டுமல்ல, ஆண் விலங்குகளின் பிறப்புறுப்பு மடிப்புகளிலும் போய் அடைந்துகொள்ளும் என்பதை, இரண்டு ஆண்களை வளர்க்கும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

இனி அந்த நெடியைப் பற்றி. புதிய சிறுநீரில் அவ்வளவு நெடி இருக்காது. அதிலுள்ள யூரியாவை ஈரத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக உடைக்கும்போதுதான் அது கிளம்புகிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்த வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும். வெயில் அடித்த நாள்களில் உங்கள் சீவல் பகலிலேயே காய்ந்துவிட்டது. இப்போது காற்றே ஈரமாக இருப்பதால் காய வழியில்லாமல் கூண்டுக்குள் அழுகுகிறது. நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கே நெடி எட்டுகிறது என்றால், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் மூக்கை வைத்திருக்கும் பொரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். கினிப் பன்றி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் விலங்கு. அம்மோனியா அதன் மூச்சுக்குழாயின் உட்பரப்பை அரித்துவிட்டால், போர்டெடெல்லா போன்ற கிருமிகள் எளிதாக உள்ளே நுழைந்து நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

பாதம் சிவந்திருப்பதும் இதே ஈரத்தின் வேலையாக இருக்கலாம். முயலுக்குப் பாதத்தின் அடியில் மெத்தை போல உரோமம் இருக்கிறது. கினிப் பன்றிக்கோ வெறுந்தோல்தான். ஈரத்திலேயே நின்றால் தோல் ஊறி, வெடித்து, புண்ணாகும். உடல் பருமனும் வைட்டமின் சி குறைபாடும் அதை விரைவுபடுத்தும். மனிதரைப் போலவே கினிப் பன்றியாலும் அந்த வைட்டமினைத் தன் உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. ஆகவே இரண்டையும் நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கு ஒழுகினாலோ, மூச்சு இரைந்தாலோ, தீனி எடுக்காமல் இருந்தாலோ நாளை வரையிலும் காத்திருக்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள்; பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடல் நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து, உயிரே போய்விடும்.

திருப்பூர் நூல் எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் நோயைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. துணி விரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக என் கினிப் பன்றிகள் ஃபிளீஸ் துணியின் மேல்தான் இருக்கின்றன.

சகோதரி, முதலில் பெயரில் இருக்கும் பொறியிலிருந்து தப்பிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஃபிளீஸ் என்று கேட்டால், குளிர்ச்சட்டை தைப்பதற்காக உட்புறத்தைச் சுரண்டிப் பஞ்சுபோல் ஆக்கிய பருத்திப் பின்னலாடைத் துணியைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது நீரைக் குடித்துத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். கூண்டில் போட்டால் ஈரக் கோணியின்மேல் விலங்கை உட்கார வைத்தது போலத்தான். உங்களுக்கு வேண்டியது பாலியஸ்டர் இழையால் ஆன போலார் ஃபிளீஸ். மலிவான குளிர்காலப் போர்வைகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. பாலியஸ்டர் இழை நீரை உறிஞ்சாது. இழைகளுக்கு இடையே நீரைக் கீழே கடத்திவிட்டு மேற்பரப்பை உலர்வாக வைத்திருக்கும். கீழே இறங்கும் சிறுநீரைப் பிடித்துக்கொள்வதற்கு அடியில் தடித்த குளியல் துண்டுகளை இரண்டு அடுக்காகவும், அதற்கும் அடியில் குழந்தைகளுக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டையும் போட வேண்டும். இந்த மூன்று அடுக்கில் நடுவிலுள்ள துண்டை விட்டுவிட்டு, ஃபிளீஸ் பயனில்லை என்று குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடையிலிருந்து வந்த புதுத்துணியை அப்படியே விரிக்கக் கூடாது. அதன்மேல் பூசியிருக்கும் மெருகு போகும்வரை சுடுநீரில் மூன்று நான்கு முறை துவைக்க வேண்டும். பிறகு ஒரு கரண்டி நீரை அதன்மேல் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். சில நொடிகளில் உள்ளே இறங்கிவிட்டால் தயார். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை ஒரு முறை சேர்த்தாலும் இழைகளின்மேல் படலம் படிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். துவைத்த துணிகளை அலமாரியில் வைக்கும்போது அந்துருண்டை போடும் வழக்கம் இருந்தால், இந்தத் துணிகளை மட்டும் வேறிடத்தில் வையுங்கள்.

உங்கள் மாமியாரின் கவலை நியாயமானதுதான். உரோமமும் புல்லும் இயந்திரத்தின் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். நான் விரிப்பை மாடியில் நன்றாக உதறி, ரப்பர் பல் வைத்த துடைப்பானால் இழுத்து, வாளித் தண்ணீரில் ஒரு முறை அலசிய பிறகு, பழைய தலையணை உறை ஒன்றுக்குள் போட்டு வாயைக் கட்டித்தான் இயந்திரத்தில் போடுகிறேன். கடைசியில் வெற்று இயந்திரத்தைச் சுடுநீரில் ஒரு முறை ஓட்டிவிடுவேன். இத்தனை செய்தும் என் மனைவி அந்தக் கிழமைகளில் வீட்டுத் துணியைப் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் கார்த்திகை மழையில் ஃபிளீஸை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுவதென்றால் குறைந்தது மூன்று செட் வேண்டும். நடுவில் இருக்கும் அந்தத் தடித்த துண்டுகள் அடைமழையில் இரண்டு நாளானாலும் காய்வதில்லை. நானே அந்த இரண்டு மாதமும் காகிதத்துக்கு மாறிவிடுகிறேன். தை பிறந்த பிறகுதான் மீண்டும் துணி.

பொள்ளாச்சித் தோப்பு எழுதியது:

நம் ஊரில் தேங்காய் நார்த்தூள் மலைபோல் குவிந்துகிடக்கும்போது, எதற்காகக் காகிதத்துக்கும் துணிக்கும் அலைய வேண்டும் என்று தெரியவில்லை. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், விலையும் குறைவு, பிறகு தொட்டிச் செடிக்கு உரமாகவும் போகும். முயல் கூண்டின் அடித்தட்டில் நான் அதைத்தான் போடுகிறேன். கினிப் பன்றிக்கு மட்டும் ஆகாதா?

முன்னாள் ஆய்வக உதவியாளர் எழுதியது:

தம்பி, உங்கள் முயல் கம்பித் தளத்தின்மேல் நிற்கிறது, நார்த்தூள் அதற்குக் கீழே தட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே அதைப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. கினிப் பன்றியைக் கம்பித் தளத்தில் விட முடியாது. கால் இடுக்கில் சிக்கும், பாதம் புண்ணாகும். ஆகவே அது படுக்கையின் மேலேயேதான் நடக்கிறது, படுக்கிறது, கிடைத்ததை மென்றும் பார்க்கிறது.

நார்த்தூள் நீரைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பிடித்த நீரை விடாமல் வைத்திருக்கும். தோட்டக்காரர்கள் அதை விரும்புவது அதற்காகத்தானே? வேருக்கு நாள் முழுதும் ஈரம் கிடைக்க வேண்டும் என்று செய்த பொருளின்மேல் வெறும்பாதத்தை நாள் முழுதும் வைத்திருப்பது சரிப்படாது. காய்ந்திருந்தால் புழுதியாகப் பறக்கும், நனைந்திருந்தால் சென்னைக் காற்றில் பூஞ்சை பிடிக்கும்.

இந்தப் பேச்சு வந்ததால் வைக்கோலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நெல் வைக்கோலின் தண்டு முனை விறைப்பானது. புல்லைக் குடைந்து நுழையும் பழக்கமுள்ள இந்த விலங்கின் கண்ணில் குத்திவிடும். கண்ணில் வெண்புள்ளியோடு வந்த விலங்குகளை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். பூனைக்காக விற்கும் கட்டியாகும் மண்ணும் ஆகாது. விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் கட்டியாகத்தான் ஆகும்.

வேளச்சேரி மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அன்றிரவே சீவலை அகற்றிவிட்டுச் செய்தித்தாளும் துண்டும் விரித்தேன். மறுநாள் மருத்துவரிடம் காட்டினோம். பொரியின் நுரையீரல் தெளிவாக இருக்கிறது, தும்மல் தூசியால் வந்தது என்று சொன்னார். கடலைக்குப் பாதத்தில் புண் இன்னும் ஏற்படவில்லை; தோல் ஊறி மெலிந்திருக்கிறது என்று தடவுவதற்கு மருந்து கொடுத்து, நாள்தோறும் குடைமிளகாயும் கொய்யாவும் கொடுக்கச் சொன்னார். படுக்கை உலர்வாக இருக்க வேண்டும் என்பதை மூன்று முறை சொன்னார்.

என் கணவரின் அலுவலகத்தில் காகிதம் நறுக்கும் இயந்திரத்திலிருந்து மூட்டை மூட்டையாகத் துண்டுக் காகிதம் வெளியேறுகிறது. இப்போது கூண்டின் அடியில் செய்தித்தாளும், அதன்மேல் கடையில் வாங்கிய காகித உருண்டைகள் ஓரங்குலமும், அதற்கும் மேலே இந்த நறுக்குக் காகிதமும் போடுகிறேன். உருண்டைகள் விலை கூடுதல்தான் என்றாலும், அடியில் மட்டும் போடுவதால் ஒரு பை மூன்று வாரம் வரும் போலிருக்கிறது. நான்கு நாளாகத் தும்மல் குறைந்திருக்கிறது.

இரண்டு ஐயங்கள். பிளாஸ்டிக் தட்டின் மூலையில் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, தேய்த்தாலும் போவதில்லை. இது நோயின் அறிகுறியா? தட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவலாமா?

சிங்கை அடுக்ககம் எழுதியது:

வணக்கம் அக்கா. சிங்கப்பூரில் எங்களுக்கு ஆண்டு முழுதும் ஐப்பசி மாதம்தான். ஆகவே உங்கள் கஷ்டம் நன்றாகப் புரிகிறது.

அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம்தான். கினிப் பன்றியின் சிறுநீர் காரத்தன்மை உடையது. உணவில் மிகுதியாகும் கால்சியம் அதன் வழியேதான் வெளியேறும். காய்ந்த பிறகு மாவு போல மென்மையாகப் படிந்தால் இயல்பானது. விரலில் மணல் போல நறநறத்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது விலங்கு கீச்சிட்டாலோ, இரத்தம் தெரிந்தாலோ கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். காகிதத்துக்கு மாறியதில் எனக்குப் பிடித்த பயன் இதுதான்: வெள்ளைக் காகிதத்தில் நிறம் உடனே தெரிந்துவிடும், சீவலில் எதுவுமே தெரியாது.

காரப் படிவை அமிலம் கரைக்கும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து மூலையில் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் ஏடு ஏடாக வந்துவிடும். பிறகு நன்றாக அலசி, துடைத்து, முழுதும் காய்ந்த பின்பே படுக்கையைப் போடுங்கள். பினாயில் வேண்டவே வேண்டாம். ஃபீனால் வகைப் பொருள்கள் சிறு விலங்குகளுக்கு நஞ்சு. தரையைத் துடைக்கும்போதுகூடக் கூண்டுக்கு அருகில் வெறும் தண்ணீரால் துடைப்பது நல்லது. பிளீச்சிங் திரவத்தால் கழுவும் வழக்கம் இருந்தால், வினிகரோடு அது ஒருபோதும் கலந்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். எறும்பு வந்தால் எறும்புச் சாக்கட்டியால் கோடு போடாதீர்கள், அதிலிருப்பது பூச்சிக்கொல்லி. பாட்டி காலத்தில் பலகாரப் பெட்டியை வைத்தது போல, கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் போதும். கொசு முட்டையிடாமல் தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றிவிடுங்கள்.

மாற்றும் இடைவெளியைப் பற்றி நீங்கள் முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நாள் கணக்கு வைத்துக்கொள்வதைவிட இடக் கணக்கு வைத்துக்கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது. கினிப் பன்றிகள் தின்றுகொண்டே கழிக்கும் இயல்புடையவை. ஆகவே உலர்புல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஈரத்தின் பெரும்பகுதி சேரும். புல்தொட்டியைக் கூண்டின் ஒரே மூலையில் மாட்டி, அதற்குக் கீழே ஒரு தாழ்வான தட்டை வைத்து, காகித உருண்டைகளைத் தடிப்பாக அதில் மட்டும் போடுங்கள். அந்தத் தட்டை நாள்தோறும் காலையில் கொட்டிவிட வேண்டும். அவை ஒளிந்து தூங்கும் பெட்டியின் அடிப்பகுதியையும் நாள்தோறும் தொட்டுப் பாருங்கள். அதுதான் பலரும் மறக்கும் இடம். இந்த இரண்டும் சரியாக நடந்தால், மீதிக் கூண்டை வாரம் ஒரு முறை முழுதாக மாற்றினால் போதும்; அடைமழையில் நான்கு நாளுக்கு ஒரு முறை. கையின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தி எடுக்கும்போது சில்லென்று இருந்தால், மூக்குக்கு நெடி எட்டும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

அலுவலகக் காகிதத்தில் ஒரு கவனம். கடை ரசீதுகளின் வெப்பத்தாளும், பளபளப்பான விளம்பரத்தாளும், ஸ்டேப்ளர் ஊசியும் கலந்திருக்கும். நீளமான இழைகளாக நறுக்கியிருந்தால் காலில் சுற்றிக்கொள்ளவும் கூடும்; கையால் பிய்த்துப் போடுங்கள்.

வேளச்சேரி மாடிவீடு எழுதியது:

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். இன்று மூட்டையைக் கொட்டிச் சலித்ததில் பதினேழு ஸ்டேப்ளர் ஊசிகள் கிடைத்தன. இனி அலுவலகத்தில் ஊசி குத்தாத பழைய அச்சுத்தாள்களை மட்டும் தனியாக வாங்கி வந்து, வீட்டிலேயே கிழித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மகளுக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது.

வினிகர் போட்டதும் வெள்ளைப் படிவு போய்விட்டது. புல்தொட்டியை மூலைக்கு மாற்றிய முதல் நாள் பொரி மூன்று மணி நேரம் கோபித்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது, இப்போது பழகிவிட்டது. தை மாதத்துக்காகப் போலார் ஃபிளீஸ் போர்வை ஒன்று வாங்கி, முதல் துவைப்பு முடித்திருக்கிறேன். தண்ணீர் இன்னும் முத்து முத்தாகத்தான் நிற்கிறது. கடலையின் இடப்பாதத்தில் சிவப்பு முழுதாக மாறவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மீண்டும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.